அம்மாவுக்கு எத்தனை கொழுக்கட்டை கொடுக்கலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் கிளிமிபிரைடும், இரு வேளை மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை கடைசியாகப் பார்த்தபோது 7.8. பிள்ளையார் சதுர்த்தி அன்று எங்கள் வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிப்போம். பூரணம் வைக்கும் மாவுக் கிண்ணமான சொப்பு செய்வது அம்மாதான். அவர் கைக்கு வருகிற மாதிரி வேறு யாருக்கும் வராது. போன வருடம் நாங்கள் எல்லாரும் சாப்பிட, அம்மா மட்டும் கோதுமை ரவைக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. சீனிக்குப் பதில் வெல்லம்தானே போடுகிறோம், கொஞ்சம் கொடுக்கலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொடுக்கலாம். இரண்டு கொடுங்கள். உங்களோடு ஒரே வரிசையில் உட்கார வைத்து, இலை போட்டுக் கொடுங்கள். பண்டிகை நாளில் தடுத்து வைக்கப்பட்ட பலர், இரவில் யாரும் பார்க்காதபோது அடுப்படியில் நின்றபடியே நான்கைந்து சாப்பிட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குற்றமில்லை. கண்முன்னே எண்ணிக் கொடுக்கும் இரண்டு, ஒளித்துச் சாப்பிடும் ஐந்தைவிட உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

ஆனால் வெல்லம் என்பதால் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி இருப்பது வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், அவ்வளவே. ரத்தத்தில் சர்க்கரை ஏறும் விதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. அதோடு மேல்மாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நடுத்தர அளவுக் கொழுக்கட்டையில் 15 கிராம் அரிசி மாவும் 10 கிராம் வெல்லமும் இருந்தால், மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 20 கிராமுக்கு மேல் போகிறது. கிட்டத்தட்ட இரண்டு சின்ன இட்லிக்குச் சமம். இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டால் நான்கு இட்லி ஆயிற்று. அதனால் அந்த வேளைக்குச் சோறும் பாயசமும் வேண்டாம். எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு மேலே இரண்டு கொழுக்கட்டை என்றால் என் கணக்கு செல்லாது.

கேழ்வரகு மாவில் செய்தால் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்து அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, ஆனால் எண்ணிக்கையைக் கூட்ட அது காரணமாகாது. பூரணத்தை மாற்றுவதில்தான் நிஜமான லாபம் இருக்கிறது. கடலைப்பருப்பை வேகவைத்து மசித்து, தேங்காய்த் துருவலோடு சேர்த்து, வெல்லத்தைப் பாதியாகக் குறையுங்கள். வெறும் தேங்காய்ப் பூரணத்தில் வெல்லத்தைக் குறைத்தால் உதிர்ந்துபோகும், பருப்பு இருந்தால் பிடித்துக்கொள்ளும். ஏலக்காய் தாராளமாகப் போட்டால் இனிப்புக் குறைந்தது தெரியாது. சொப்பு மெல்லியதாக இருந்தால் மாவும் குறையும், அதை உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை! இரண்டில் ஒன்றை உளுந்துப் பூரணம் வைத்த காரக் கொழுக்கட்டையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. வெல்லம் இல்லை, புரதமும் கிடைக்கும்.

அன்று எப்படியும் கொண்டைக்கடலைச் சுண்டல் இருக்கும். அதையும் ஒரு காய்ப் பொரியலையும் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், கொழுக்கட்டை கடைசியில் வரட்டும். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால், பின்னால் வரும் மாவுச்சத்து ரத்தத்தில் மெதுவாக ஏறும். சாப்பிட்டு முடித்ததும் படுக்காமல், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தெருவில் நடந்து வந்தால் போதும்.

கொழுக்கட்டையைவிட எனக்குப் பயம் தருவது அன்றைய காலைப்பொழுது. பூஜை முடியும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்று இருப்பார், ஆனால் பழக்கத்தில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிடுவார். நல்ல நேரம் பார்த்துப் பூஜை முடிய பகல் 12 மணி ஆகிவிடும். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. வெறும் வயிற்றில் அது சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி கைக்கு எட்டவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கொழுக்கட்டையை ஊட்டாதீர்கள். தேங்காயின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், நமக்கு வேண்டியது வேகம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இதைத் தவிர்ப்பது எளிது. கிளிமிபிரைடை அன்றைய முதல் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். எத்தனை மணிக்குப் போடுவது என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். பிள்ளையாருக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம் என்றும் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சொப்பு செய்தால் கையும் நடுங்காது.

மிச்சமான தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டையைச் சாயங்காலம்வரை வெளியே வைக்காதீர்கள், கெட்டுவிடும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவியில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். அம்மாவின் பங்கு முதல் நாளோடு முடிந்தது.

சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். 180-க்குள் இருந்தால் மகிழ்ச்சி. 220 வந்தாலும் அன்றைக்கு அவரை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அடுத்த வருடம் இரண்டையும் காரக் கொழுக்கட்டையாக்கிவிட்டு, பூரணத்தில் ஒரு வாய் மட்டும் கொடுக்கலாம்.