ஃபார்மேட் ஆகாத 32 ஜிபி பென்டிரைவ்

உங்கள் 32 ஜிபி பென்டிரைவை ஃபார்மேட் செய்ய முடியவில்லை; விண்டோஸில் டிஸ்க்குகளைக் கையாளும் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் ரீட்-ஒன்லியை (படிக்க மட்டும் விடும் பூட்டை) நீக்கிய பிறகும் ‘கரன்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்’ என்ற வரி ‘யெஸ்’ என்றே நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பூட்டு பெரும்பாலும் பென்டிரைவுக்குள் எழுதுவதையும் படிப்பதையும் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் சிப் போட்டது. வேறு ஃபார்மேட் மென்பொருட்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பென்டிரைவில் தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் செல்களை ஓரளவு தடவைதான் எழுதி அழிக்க முடியும். பழுதான பகுதிகளுக்கு மாற்றாக ஒதுக்கிய உபரி இடமும் தீர்ந்துவிட்டால், சில கண்ட்ரோலர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் விடும். உள்ளே இருப்பதைக் காப்பாற்ற அது தரும் அவகாசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்போதே எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் இதைப் பாருங்கள்:

1. பக்கவாட்டில் சின்ன லாக் பொத்தான் இருக்கிறதா? சில மாடல்களில் உண்டு.

2. வேறொரு கணினியில், முடிந்தால் லினக்ஸில், செருகுங்கள். அங்கே எழுத முடிந்தால் கோளாறு உங்கள் விண்டோஸில்தான். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்டோரேஜ்டிவைஸ்பாலிசீஸ்’ கீயில் ‘ரைட்புரொடெக்ட்’ மதிப்பு 1 என்று இருந்தால் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அலுவலகக் கணினி என்றால் கைவைக்காமல் ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.

டிஸ்க்பார்ட்டில், டிஸ்க்கில் உள்ளதை அழிக்கும் ‘கிளீன்’ கட்டளையை அடிக்கும் முன் டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். உங்கள் பென்டிரைவ் 28, 29 ஜிபி என்று காட்டும். எண் மாறினால் ஹார்ட் டிஸ்க்கே காலி.

இரண்டிலும் சரியாகவில்லை, உள்ளே ஆதார், பேங்க் நகல்கள் இருக்கின்றன என்றால் வாரண்டிக்கு அனுப்பாதீர்கள். கூட்டைத் திறந்து, பெரிய கறுப்பு மெமரி சிப்பையே உடைத்துவிடுங்கள்.