அப்பத்தாவின் போன்

வணக்கம். தேவகோட்டையில் மாமியாருடன் இருக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. ஏழு வயது மகனின் டேப்லெட்டில், பெற்றோர் கட்டுப்படுத்துவதற்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பைப் போட்டு, ஒரு மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். ஆனாலும் பொழுதுக்கும் யூடியூப்தான். வேறு நல்ல ஆப் இருக்கிறதா?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆப்பில் குறையில்லை. மகனின் கூகுள் கணக்கு இருக்கும் கருவியை மட்டும்தான் ஃபேமிலி லிங்க் கட்டுப்படுத்தும். டேப்லெட் நின்றதும் அவன் போவது அப்பத்தாவின் போனுக்காகத்தான் இருக்கும். அதில் இருப்பது அப்பத்தாவின் கணக்கு. நம் ஊர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டுக்கோ மாடிக்கோ போய் உட்கார்ந்துவிட்டால் யார் கண்ணிலும் படமாட்டான். வைஃபையை அணைத்தும் பயனில்லை, சிம்மில் டேட்டா இருக்கும்.

முதலில் மாமியாரிடம் பேசுங்கள். "குடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும். அவர் போனில் குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸ் ஆப்பைப் போட்டு, அதை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் 5–8 வயதுப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, தேடும் வசதியை நிறுத்தி, டைமர் வையுங்கள். பெற்றோர் பகுதிக்குள் நுழைய அது ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அது பூட்டே இல்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணை வையுங்கள். பிறகு போனின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ஒரே ஆப்பைத் திரையில் நிறுத்திவைக்கும் பின்னிங் வசதியை இயக்குங்கள். வெளியே வர பின் நம்பர் கேட்கும்படி செய்ய மறந்துவிடாதீர்கள். மறந்தால் நொடியில் சாதாரண யூடியூபுக்குப் போய்விடுவான். அந்த நம்பர் பேரன் பிறந்த வருடமாக இருக்கக் கூடாது, யூபிஐ பின்னாகவும் இருக்கக் கூடாது.

பார்ப்பது வளவு முற்றத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில், ஹெட்போன் இல்லாமல். சாப்பாட்டு நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம். திரையைப் பார்த்தபடி வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது.

அப்பாவோடு பேசும் வீடியோ காலை இந்த ஒரு மணி நேரக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்கிற இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்கூட, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு விலக்குத் தருகிறது. 5 முதல் 10 வயது வரை, டிவியும் சேர்த்து ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்கிறது அது. உங்கள் ஒரு மணி நேரம் சரியான அளவுதான். கணவரும் அதையே சொல்லட்டும். ஊருக்கு வரும்போது தனி போன் வாங்கி வருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தகாத எதையோ பார்த்துவிட்டு உங்களிடம் சொல்ல வந்தால், அந்த நேரத்தில் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லமாட்டான். அந்நியர் யாராவது பேசி மிரட்டியிருந்தால், உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.