ஈயம், புகை, இரைச்சல்: பிள்ளையின் பேச்சு பற்றிக் கேள்வி பதில்

திருகோணமலையில் பிள்ளைகளோடு வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர், சூழல் மாசு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (நிலாவெளி): மிஸ், மகனுக்கு இரண்டரை வயது. "அம்மா", "தா" தவிர வேறு சொல் இல்லை. இவர் வலைக்கு ஈயக்குண்டு வீட்டிலேயே உருக்கி ஊற்றுவார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம். தகப்பன் என்ன தொழில் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். உருக்கும்போது எழும் புகையும் தூசும் குசினி நிலத்தில் படியும். பிள்ளை தவழ்ந்த கையை வாயில் வைக்கும், சிதறிய குண்டைக் கடித்தும் பார்க்கும். வாய்வழி போகும் ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். பாதிப்பில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனம், கற்றல், மொழி எல்லாம் பின்தங்கலாம்.

உருக்குவதை வீட்டை விட்டுத் தூரக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்தச் சட்டி சமையலுக்கு வேண்டாம். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. நிலத்தைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இரத்தத்தில் ஈயம் பார்க்கலாமா என்று குழந்தை வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். காதையும் பரிசோதியுங்கள்.

கேள்வி (கிண்ணியா): உடம்பிலுள்ள ஈயத்தை எடுக்க இணையத்தில் ஒரு பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து, இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு, வைத்தியர் கண்காணிப்பில் கொடுப்பது.

கேள்வி (சீனன்குடா): போன் பார்ப்பதால்தானே பேச்சு வரவில்லை?

பதில்: இன்று மாசு பற்றித்தான். காது பார்த்தீர்களா?

கேள்வி (மூதூர்): மீனில் பாதரசம் என்கிறார்களே?

பதில்: சூடை, கீரி, நெத்தலி தாராளமாகக் கொடுங்கள். சுறா, தளபத்து போன்ற பெரிய மீன்களைக் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் குறைத்தால் போதும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956 இல் வெளிவந்த நோயில் பேச்சுக் குழறியது, காதும் மந்தமானது. ஆனால் அது தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டதால் வந்தது. அதைக் கேட்டுவிட்டு மீனையே நிறுத்தாதீர்கள்.

கேள்வி (உப்புவெளி): நுளம்புச் சுருள்?

பதில்: ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டின் நுண்துகள் வரும் என்று அளந்திருக்கிறார்கள். வலை கட்டுங்கள். வீட்டுக்குள் சிகரெட் பிடித்தால் பிள்ளையின் நடுக்காதில் நீர் கட்டும் வாய்ப்புக் கூடும். அப்படிப்பட்ட காதால் கேட்பது தண்ணிக்குள் தலையை வைத்துக் கேட்பது மாதிரி. ஆகவே, காதைப் பாருங்கள்.

கேள்வி (நகரத்து ஆசிரியை): திருவிழாக் காலத்தில் லவுட்ஸ்பீக்கர் வகுப்புப் பக்கம் திரும்பியிருக்கும். பிள்ளைகளுக்கு நான் சொல்வது விளங்குமா?

பதில்: பாதிதான். வெறும் வகுப்பறையின் இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. உங்கள் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு சோதனை செய்யுங்கள். கடைசி வாங்குக்குப் பின்னால் நின்று, பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்காதபடி "பல், கல், நெல், வில்" என்று சாதாரணக் குரலில் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதல் எழுத்து மாறிவந்தால் இரைச்சல் எதைத் தின்கிறது என்று தெரியும்.

குறுக்கே (உவர்மலை): நாங்களும் அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தோம், பேசவில்லையா? கோயிலை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

பதில்: கோயிலை மட்டும் என்று யார் சொன்னது? பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், கட்சி வாகனம், கலியாண வீடு எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குத்தான். நாதஸ்வரத்தில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதைக் கம்பத்தில் கட்டிப் பத்து வீதிக்குக் கத்த விடுவதில்தான். பெரியவர்கள் பாதி சொல் கேட்டாலும் மீதியை ஊகிப்போம், சொல் ஏற்கெனவே தெரியும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஊகிக்க எதுவும் இல்லை. சட்டம் வேண்டுமானால், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் 2007 இலேயே சொல்லிவிட்டது.

அதே நபர்: அப்போ திருவிழாவே வேண்டாமா?

பதில்: வேண்டும். பெட்டியைப் பாடசாலைக்கு முதுகு காட்டிக் கட்டுங்கள், சத்தத்தைக் குறையுங்கள். இதை நிர்வாக சபையிடம் போய்க் கேளுங்கள், என்னிடம் இல்லை.

கேள்வி (தம்பலகாமம்): மகள் திக்குகிறாள். பக்கத்து வளவில் குப்பை எரிக்கும் புகையாலா?

பதில்: இல்லை. திக்குதலில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பிளாஸ்டிக் எரிக்கும் புகை நெஞ்சுக்குக் கெடுதல், அதை நிறுத்தச் சொல்லுங்கள். திக்குதலுக்குப் பேச்சுச் சிகிச்சைக் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள்.