தாய்லாந்து கிராமத்துக் கத்திகளில் எதை வாங்கலாம்?

தாய்லாந்து போகிறீர்கள், அங்கே கிராமத்தில் நிஜமாகவே புழங்கும் கத்தி ஒன்று வேண்டும், 'ஈ-நெப்' சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தோட்டம் துரவு இருந்தால் தாராளமாக வாங்கலாம். உறையோடு இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற கத்தி அது. முன்பாதி அகன்று கனமாக இருக்கும். ஓங்கிப் போட்டால் அந்தக் கனமே மூங்கிலைத் துண்டாக்கிவிடும். கிளை கழிக்க, இளநீர் சீவ, விறகு பிளக்க எல்லாவற்றுக்கும் அதுவேதான். ஆனால் அபார்ட்மென்ட்டில் குடியிருந்தால் சுவரில்தான் தொங்கும். அதற்கு 'ஈ-தோ' எவ்வளவோ மேல். அகல அலகு, தடித்த முதுகு. அங்கே புளியமரக் கட்டைமேல் இறைச்சியை வைத்துக் கொத்துவது இதில்தான். எங்கள் வீட்டில் கோழி எலும்புக்கு வேறு கத்தியைத் தொடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டுமில்லை, 'மீட் தோக்'. அலகு குட்டை, பிடி மட்டும் நீளமோ நீளம். பார்த்தால் ஏதோ அளவு தப்பிச் செய்துவிட்டார்கள் என்று தோன்றும். அந்த நீளப் பிடியைக் கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார்கள். கத்தி அசையாது, மூங்கில் பத்தையைத்தான் மறுகையால் இழுப்பார்கள். மெல்லிய பட்டையாகச் சீவிக்கொண்டே வரும். நெற்கட்டு கட்டுவதும் கூடை முடைவதும் இந்தப் பட்டையில்தான்.

தெற்கே 'கே' என்று ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன அலகு. நெற்கதிரை ஒவ்வொன்றாக அறுக்க! பொறுமைசாலிகள்தான்.

வாங்க வேண்டிய இடம் அயுத்தயா மாகாணத்தில் நக்கோன் லுவாங் பக்கம். கடைகளில் 'அரன்யிக்' கத்தி என்பார்கள். அடிப்பது பான் தோன் போ, பான் பை நோங் கிராமங்களில்; லாவோஸ் நாட்டு வியஞ்சானிலிருந்து வந்து குடியேறிய லாவோ கொல்லர்களின் வழிவந்தவர்கள். பளபளப்பையும் பிடியின் வேலைப்பாட்டையும் பார்த்து மயங்காதீர்கள், லாரியின் ஸ்பிரிங் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) அடித்ததா என்று கேளுங்கள். அது துருப்பிடிக்கும்தான், கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். இன்னொன்று, பழைய முறையில் பிடிக்குள் அரக்கு ஊற்றித்தான் அலகின் காம்பை இறுக்குவார்கள். அப்படிப்பட்டதை அடுப்புப் பக்கம் வைத்தால் இளகி ஆட ஆரம்பிக்கும்.

அப்புறம், திரும்பும்போது செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.