ஐ.பி. (திவால் மனு) தள்ளுபடி ஆகிவிட்டது, இனி எங்கே போவது?

கேள்வி: எனக்கு ஒன்றேகால் ஏக்கர் தேயிலைதான் பிழைப்பு. கொழுந்து விலை படுத்துக்கிடந்த வருடங்களில் புரோநோட்டும் கைமாற்றுமாகக் கடன் 14 லட்சம் ஆகிவிட்டது. போன வருடம் ஐ.பி. போட்டேன். அதற்கு எட்டு மாதம் முன்பு 40 சென்ட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதியிருந்தேன். அதைக் காட்டி, நான் நேர்மையாக வரவில்லை என்று சார்பு நீதிமன்றம் ஜூன் 3 அன்று மனுவைத் தள்ளிவிட்டது. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது, அப்பீலுக்கு வழியில்லை என்கிறார்கள். உண்மையா ஐயா?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: உண்மை இல்லை. 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்களைப் போன்ற விவசாயிக்கு இன்னமும் 1920ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டமே. அதன் 75ஆவது பிரிவின்படி ஊட்டி மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் போடலாம். கெடு 30 நாள்.

உங்கள் கடிதத்தோடு இருந்த தீர்ப்பு நகலில் நான் முதலில் பார்த்தது பின்பக்க முத்திரையைத்தான். நகலுக்கு மனு கொடுத்தது ஜூன் 9, நகல் தயாரானது ஜூன் 27. இந்த 19 நாளும் கெடுவில் சேராது. ஆக ஜூலை 22 வரை உங்களுக்கு நேரம் இருந்தது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே போனில் கூப்பிட்டு அவசரப்படுத்தினேன். நகல் கேட்கவே ஒரு மாதம் தள்ளிப்போடுகிறவர்களை இந்த மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற கூச்சத்தில் வக்கீல் ஆபீஸ் படியையே மிதிக்க மாட்டார்கள். கெடு தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பீலில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து (1920இல் வைத்த தொகை இன்றும் அதுதான்), அதை அடைக்க முடியவில்லை என்று முதல் பார்வைக்குக் காட்டினால் போதும், கடனாளியின் மனு நிற்கும். நடத்தை சரியா, சொத்தை மாற்றினாரா என்பதெல்லாம் பிறகு கடன்களிலிருந்து விடுதலை கேட்கும்போது விசாரிக்க வேண்டியவை. இந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே, அன்றைக்கு இந்தியாவுக்கு உச்ச அப்பீல் மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1916இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சார்பு நீதிமன்றம் இரண்டு கட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டது என்பதே உங்கள் முதல் காரணமாக இருக்கட்டும். எதையும் அடுத்த படிக்கு மிச்சம் வைக்காதீர்கள். மாவட்ட நீதிபதி சொல்வதே பெரும்பாலும் முடிவு. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் பெரும்பாலும் சட்டப்பிழை உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

சரி, ஜெயித்தால் என்ன ஆகும்? இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. திவாலானவர் என்று அறிவித்ததும் தோட்டம் ரிசீவர் (திவாலானவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிப்பவர்) கைக்குப் போய்விடும். விவசாயி குடியிருக்கும் வீட்டையும் விவசாயக் கருவிகளையும் தொட முடியாது. ஆனால் பேங்கில் அடமானம் வைத்தது எதுவானாலும் பேங்குக்குத்தான். மனைவிக்கு எழுதிக் கொடுத்து இரண்டு வருடத்துக்குள் ஐ.பி. போட்டிருப்பதால், அந்தச் செட்டில்மென்ட்டை ரத்து செய்யும்படி ரிசீவர் கேட்கலாம். அநேகமாகக் கேட்பார். அதற்கு அப்புறம், நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுதலை மனு போட்டாக வேண்டும். போடாவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகிவிடும், கடன்காரர்கள் மறுபடி வாசலில் நிற்பார்கள். ஐ.பி. போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதைக் கோட்டை விட்ட குடும்பங்கள் உண்டு. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான்.

அந்த 40 சென்ட்டை ஏன் எழுதினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மனைவியின் நகையை விற்றுத் தோட்டத்தில் போட்டிருந்தால், அதற்கு ஈடாக எழுதியிருந்தால், அந்த நகை ரசீதைத் தேடி எடுங்கள். அப்பீல் விசாரணைக்குக் கட்டபெட்டு வழியாக பஸ் ஏறும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரிசீவர் அனுப்பும் நோட்டீஸில் அவர் பெயரும் இருக்கும்.