மூன்று கரண்டி சீனி: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அப்பா சில மாதங்களுக்கு முன்பு காலமானார். 1999இல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து இங்கே கனடாவுக்கு வந்த நாள் முதல், காலையில் வெறுந்தேத்தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியுமாகத்தான் அவரைப் பார்த்திருக்கிறோம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மற்றப் பண்டங்களோடு அதையும் படைத்தோம். "அம்மப்பா ஏன் சீனி போடுவதில்லை?" என்று என் பதினொரு வயது மகன் கேட்டான். "அது யாழ்ப்பாணத்துப் பாரம்பரியம்" என்றேன். பக்கத்திலிருந்த பெரிய மாமி சிரித்துவிட்டார். "உன் அப்பாவா? தொண்ணூறுக்கு முன்பு மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணீர் இல்லாமல் பாயை விட்டே எழும்ப மாட்டான்" என்றார். அன்றிலிருந்து மனம் ஒருமாதிரி இருக்கிறது. பிள்ளைக்குப் பொய் சொல்லிவிட்டேனா?

வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமி சொன்னதை அப்படியே நம்புகிறேன். அந்தக் காலத்தில் மூன்று கரண்டி சீனி ஒன்றும் ஊதாரித்தனமில்லை. எங்கள் வீட்டில் நோயாளிக்குத்தான் இரண்டு கரண்டியாகக் குறைப்பார்கள்.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதும் எல்லாம் மாறியது. மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அரும்பொருளாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டோம். கடைக்குச் சீனி வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வரும் நாளில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவோம்.

பனைக்கு மட்டும் எந்தச் சோதனைச் சாவடியையும் கடக்க வேண்டியிருக்கவில்லை. மரத்தில் கட்டும் மண் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால், இறங்குவது கள்ளாகப் புளிக்காமல் கருப்பநீராக நிற்கும். அதைக் காய்ச்சிப் பாகாக்கி, ஓலைக் குட்டானில் ஊற்றி இறுகவிட்டால் பனங்கட்டி. அம்மா அதைப் பாக்குவெட்டியால் நறுக்குவார். ஆளுக்கு ஒரு துண்டு, புளியங்கொட்டை அளவு. தேத்தண்ணீருக்குள் போடக் கூடாது. போட்டால் கரைந்து கணக்கு முடிந்துவிடும். கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு மிடறுக்கும் நாக்கால் ஒருமுறை தொட்டு, கோப்பையின் அடிவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் தம்பி பாதிக் கோப்பையிலேயே கடித்து விழுங்கிவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். உங்கள் அப்பா உள்ளங்கையில் வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் கடித்துக் கடித்துக் குடிக்கும் கட்சி. எங்கள் வீட்டில் அதற்கு அனுமதியில்லை, கை வியர்வையில் கரைந்து வீணாகும் என்று.

இந்தப் பழக்கம் அப்போது பிறந்ததில்லை. என் அப்பாச்சி தடிமன் பிடித்தால் கொத்தமல்லித் தண்ணீருக்குப் பனங்கட்டியைத்தான் கடிப்பார். ஆகவே நீங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் அப்பாவின் கையில் அதை வைத்தது தட்டுப்பாடு.

இப்படி இன்னும் உண்டு. விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களுக்கு நண்டும் இறாலும் கணவாயும் போட்டு, பெரிய பானையில் ஒடியல் கூழ் காய்ச்சுகிறோம். பிலாவிலையைக் கோலி ஆளாளுக்குக் குடித்துவிட்டு, இதல்லவா எங்கள் சாப்பாடு என்று மெய்சிலிர்க்கிறோம். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியல், அரிசி முடிந்த மாதங்களுக்கென்று எடுத்துவைத்த காவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசிப் பங்கீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பாச்சி ஒடியல் பிட்டின் பெயரைச் சொல்லி முகத்தைச் சுளிப்பார். கூழில் போடும் மரவள்ளியும் செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கேயரின் கப்பல்கள் வருமுன் எங்கள் கறிகளில் இருந்தது மிளகின் உறைப்புத்தான்.

மகன் கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்தக் கோப்பையில் இருந்த தேயிலை, 1867இல் மலைநாட்டில் தோட்டப் பயிராகத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் கைகள் பறித்தது. பனங்கட்டிக்காக மரமேறியவர்களுக்கோ எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் உள்ளே இருந்து குடிக்க இடமில்லை. வாசலில் நிற்க வேண்டும், குவளையும் தனி. 1960களில் அந்தக் கடைகளுக்குள் நுழையவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் இறக்கிய இனிப்பு மட்டும் எல்லா வீட்டு அடுக்களைக்கும் தடையில்லாமல் போய்வந்தது. பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் இதையெல்லாம் மடித்து வைத்துவிடலாம் என்பதால்தான் எனக்கு அதன்மேல் கொஞ்சம் எரிச்சல். உங்கள்மேல் இல்லை.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து லொறிகளில் சாமான் வந்து இறங்கியபோது, எங்கள் வீட்டிலும் ஒரு சீனி மூட்டை வாங்கினோம். அப்பா ஒரு நாள் சீனி போட்டுக் குடித்தார். மறுநாள் காலையில் பாக்குவெட்டியைத் தேடினார். ஏன் என்றோம். "சீனி அவசரப்படுகிறது" என்றார். அதற்குமேல் விளக்கம் கிடைக்கவில்லை. ஸ்காபரோவில் கடை நிறையச் சீனி அடுக்கியிருக்க உங்கள் அப்பா பனங்கட்டியைத் தேடிப் போனதற்கும் இப்படி ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

மாமி உங்களைக் கேலி செய்யச் சிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சீனிக்காரத் தம்பியைக் கண்டவர் அன்று அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்திருப்பார். மகனை அவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பசுப்பாலா, பால்மாவா, யார் ஆற்றிக் கொடுத்தது, எந்தக் கோப்பை என்று அவனே கேட்கட்டும். ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு கோப்பை வையுங்கள். பால் தேத்தண்ணீரை மாமியே கலக்கட்டும், மூன்று கரண்டி.

மற்றதற்குப் பனங்கட்டி வாங்கும்போது கொஞ்சம் கவனம். இப்போது விற்பதில் சீனி கலந்ததும் உண்டு. அப்படியே அகப்பட்டாலும், மாமி சொல்வதைப் பார்த்தால், உங்கள் அப்பா அதிகம் கோபிக்க மாட்டார்.