எல்லாவற்றுக்கும் ஒரே ஆண்டெனா?

கேள்வி: ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிள் (யு.எஸ்.பி.யில் செருகும் ரேடியோ ரிசீவர்) வாங்கி லேப்டாப்பில் போட்டுவிட்டேன். விமானப் பேச்சு, ஹாம் ரேடியோ, வானிலைச் செயற்கைக்கோள் எல்லாம் கேட்க ஆசை. மொட்டைமாடியில் ஒரு டிஸ்கோன் ஆண்டெனா வைத்தால் எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிஸ்கோனைக் குறை சொல்லவில்லை. மேலே வட்டத் தட்டு, கீழே கூம்பு. கூம்பின் சரிவு 75 செ.மீ. இருந்தால் சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி அதைப்போல் பல மடங்கு வரை பிடிக்கும். ஆனால் இரண்டு கம்பிகளால் ஆன சாதாரண டைபோல் ஆண்டெனாவைவிட ஒரு சிக்னலையும் அது பலமாகத் தராது. வேண்டாததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும்.

உங்கள் ஊரில் அந்த வேண்டாதது எஃப்.எம். ஒலிபரப்புதான். ரெயின்போ 101.4 தொடங்கி தனியார் நிலையங்கள் வரை எல்லாம் பலமாக வரும். டாங்கிளோ 8 பிட் கருவி, அதாவது சிக்னலைக் கொஞ்சம் படிகளில்தான் அளக்கும். பலத்த சிக்னலையும் மெல்லிய சிக்னலையும் ஒரே நேரத்தில் தாங்க அதற்குத் திராணி கிடையாது. 118-137 மெகாஹெர்ட்ஸில் வரும் விமானியின் குரல் அதில் அமுங்கிப்போகும். சிக்னலைப் பெருக்கும் அளவான கெயினை மென்பொருளில் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் திரையில் இரைச்சலைக் காட்டும் அடிமட்டக் கோடு மொத்தமாக மேலே ஏறும், இருக்கக் கூடாத இடத்தில் சினிமாப் பாட்டு கேட்கும். அங்கிருந்து இரண்டு படி இறக்கி வையுங்கள். 88-108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் எஃப்.எம். ஃபில்டர் ஒன்றை டாங்கிளுக்கு முன்னால் போடுங்கள். முதல் செலவு அதுதான்.

அடுத்தது கேபிள். இதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் பத்து மீட்டர் ஓடினால், விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கு சக்திதான் கீழே வந்து சேரும். டிஷ் டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.6 கேபிளில் பாதிக்கு மேல் வரும். அது 75 ஓம் கேபிள் ஆயிற்றே, 50 ஓம் கருவிக்குப் பொருந்துமா என்று தயங்க வேண்டாம். அந்தப் பொருத்தமின்மையால் போவது மிகச் சொற்பம்.

செயற்கைக்கோளுக்கு டிஸ்கோன் தோதுப்படாது. நேர் மேலே வருவதை அது சரியாகப் பார்ப்பதில்லை. அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவின் பழைய 137 மெகாஹெர்ட்ஸ் செயற்கைக்கோள்கள் 2025இல் ஓய்ந்துவிட்டன; ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் அதே அலைவரிசைப் பகுதியில் இன்னும் படம் அனுப்புகிறது. 53 செ.மீ. அலுமினியக் கம்பி இரண்டை 120 டிகிரி விரித்துப் படுக்கை வசத்தில் கட்டுங்கள். அதற்கு இது போதும். விமானப் பேச்சுக்கு 56 செ.மீ. கம்பி இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செங்குத்தாக. 145 மெகாஹெர்ட்ஸில் பேசும் ஹாம் நண்பர்களின் குரலும் இதிலேயே ஓரளவு கேட்கும்.

இவற்றில் கேட்டுப் பழகிய பிறகும் 400, 800 மெகாஹெர்ட்ஸ் என்று மேலே உலாவத் தோன்றினால் அப்போது டிஸ்கோன் வாங்குங்கள். எந்த ஆண்டெனாவானாலும் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். ஐப்பசியில் இடி தொடங்கும் முன்பே கேபிளை டாங்கிளிலிருந்து கழற்றிவிடுங்கள்.